கிளவுட் ரவுட்டர் விவரம் ஏபிஐ-யில் வருகிறது, ஆனால் டனல் உயிரோடு இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

புதுக்கம்பி | திங்கள், காலை 10.12

வணக்கம். கிளவுட் பக்கம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் ரேக், பேட்ச் கார்டு, கிரிம்பிங் டூல் என்று கையால் தொடுகிற நெட்வொர்க்கில் இருந்தேன். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்குக் கூகுள் கிளவுடில் மூன்று புராஜெக்ட், மொத்தம் பதினோரு கிளவுட் ரவுட்டர். தினமும் காலை ஒன்பது மணிக்குள் எல்லா ரவுட்டரின் விவரமும் ஒரு ஷீட்டில் வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கன்சோலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எழுதினால் அரைநாள் போய்விடும். அதனால் ஏபிஐ வழியாக, அதாவது ஸ்கிரிப்டிலிருந்தே கூகுளிடம் நேரடியாகக் கேட்டு, எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆவணப் பக்கத்திலேயே ஏபிஐ எக்ஸ்ப்ளோரர் இருக்கிறதே, அதில் ரவுட்டர்ஸ்.கெட் என்பதைத் திறந்து புராஜெக்ட், ரீஜியன், ரவுட்டர் பெயர் மூன்றையும் கொடுத்தேன். 200, அதாவது சரி என்று பதில் வந்தது. பெயர், ஐடி, எந்த நெட்வொர்க், ஏஎஸ் எண் (ஒவ்வொரு பக்கத்து நெட்வொர்க்கின் அடையாள எண்), இன்டர்ஃபேஸ்கள், பியர்கள் (எதிர்ப்பக்கத்து ரவுட்டர்கள்), நாட் அமைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் கிளவுடையும் ஆபீசையும் இணைக்கிற விபிஎன் டனலைப் பற்றி மேலாளர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "டனல் உயிரோட இருக்கா இல்லையா?" அது மட்டும் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பியருக்குக் கீழேயும் "எனேபிள்: ட்ரூ" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்து இரண்டு வாரமாக "இயங்குகிறது" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரிதான் சந்தேகம் வந்தது.

இன்னொன்று. ஒரே ஒரு ரவுட்டருக்கு மட்டும் 404 வருகிறது. கன்சோலில் கண்ணெதிரே இருக்கிறது, ஏபிஐ இல்லை என்கிறது.

மொட்டைமாடி | திங்கள், காலை 10.31

404 முதலில். கிளவுட் ரவுட்டர் ரீஜியனுக்குள் வாழ்கிற பொருள். ஏஷியா-சவுத்1, அதாவது மும்பையில் இருக்கிற ரவுட்டரை டெல்லியான ஏஷியா-சவுத்2-இல் போய்க் கேட்டால் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றுதான் சொல்லும். வேறு ரீஜியனில் தேடிப் பார் என்றெல்லாம் சொல்லாது. எந்த ரீஜியன் என்றே தெரியாவிட்டால் ரவுட்டர்ஸ்.அக்ரிகேட்டட்லிஸ்ட் கூப்பிடுங்கள், புராஜெக்டில் உள்ள எல்லா ரீஜியனையும் ஒரே வீச்சில் தரும்.

உங்கள் முக்கியக் கேள்விக்கு: நீங்கள் கூப்பிட்டது கெட். அது நீங்கள் எழுதி வைத்ததைத்தான் திரும்பப் படித்துக் காட்டும். "எனேபிள்: ட்ரூ" என்றால் இந்தப் பியரோடு பேச அனுமதி உண்டு என்று பொருள், அவ்வளவுதான். பேசுகிறார்களா என்பது வேறு கதை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்காக மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா?

உங்களுக்கு வேண்டியது கெட்ரவுட்டர்ஸ்டேட்டஸ். அதே முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு இந்தப் பெயரைச் சேருங்கள். அதுவும் படிக்கிற அழைப்புதான், எதையும் மாற்றாது. கூகுள் கிளவுடை டெர்மினலில் இயக்குகிற ஜிகிளவுட் கட்டளையில் என்றால் கம்ப்யூட் ரவுட்டர்ஸ் டிஸ்க்ரைப் என்பதற்குப் பதில் கம்ப்யூட் ரவுட்டர்ஸ் கெட்-ஸ்டேட்டஸ்.

பழையமோடம் | திங்கள், காலை 11.05

மொட்டைமாடி சொன்னது சரி. ஆனால் தம்பிக்கு ஏன் இரண்டு அழைப்பு என்று புரிய வேண்டும் என்றால் கிளவுட் ரவுட்டர் என்ன பண்டம் என்று தெரிய வேண்டும்.

ரேக்கில் இருந்த ரவுட்டரை மனதிலிருந்து எடுத்துவிடு. கிளவுட் ரவுட்டர் வழியாக ஒரு பாக்கெட் கூடப் போவதில்லை. அது பிஜிபி, அதாவது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்கிற மொழி, பேசுகிற மென்பொருள். உன் ஆபீஸ் பக்கத்து ரவுட்டரோடு பேசி, "என்னிடம் இந்தச் சப்நெட்டுகள் இருக்கின்றன, உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டு வாங்கி, அதை நெட்வொர்க்கின் ரூட் பட்டியலில் எழுதி வைக்கும். வண்டிகள் வேறு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், இது சந்திப்பில் வழிகாட்டிப் பலகை மாட்டுகிற ஆள். அதனால்தான் அந்த மென்பொருள் ஒரு நிமிடம் மறுபடி தொடங்கினாலும், எதிர்ப்பக்கத்தில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (மறுபடி வரும்வரை பழைய ரூட்டுகளையே வைத்திருக்கிற வசதி) இருந்தால் போக்குவரத்து நிற்காது.

பேச்சு நடக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள 20 நொடிக்கு ஒரு முறை கீப்அலைவ் அனுப்பும். அதுதான் இங்கே இயல்பான அளவு. மூன்று மடங்கு, அதாவது 60 நொடி எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லையென்றால் பியர் போய்விட்டது என்று முடிவு கட்டும். இந்த நாடித்துடிப்பு சமாச்சாரம் எல்லாம் ஸ்டேட்டஸ் பதிலில்தான் தெரியும். கெட் என்பது உன் கையெழுத்தின் நகல்.

புதுக்கம்பி | திங்கள், காலை 11.20

தம்பி இல்லை சார், தங்கச்சி. :)

நன்றி. 404 தீர்ந்தது. அந்த ரவுட்டர் சிங்கப்பூர் ரீஜியனில் இருந்தது. யாரோ சோதனைக்கு உருவாக்கி மறந்துபோனது போலிருக்கிறது, பியரே இல்லை.

ஸ்டேட்டஸ் அழைப்பை டெர்மினலில் கர்ல் கட்டளையாகப் போட்டுப் பார்த்தேன், அனுமதி இல்லை என்கிற 403 வருகிறது. நான் போட்ட கட்டளை முழுவதையும் ஒட்டுகிறேன்:

[மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 11.24

புதுக்கம்பி, நீங்கள் ஒட்டிய கட்டளையில் உங்கள் அணுகல் டோக்கன் (கடவுச்சொல் மாதிரி உள்ளே விடுகிற சரம்) முழுதாக இருந்தது. நீக்கிவிட்டேன். நான்கு நிமிடம் பொதுவில் இருந்திருக்கிறது. தயவுசெய்து அதை இப்போதே செல்லாததாக்குங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு நினைவூட்டல்: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவது இந்தத் தளத்தின் வழக்கம். வாய்விட்டுப் படித்தால் விரல் தானாகத் தட்டச்சு செய்துவிடும். அந்த வழக்கத்தைப் பின்பற்றியிருந்தால் டோக்கன் ஒட்டப்பட்டிருக்காது என்பது எதிர்பாராத நன்மை.

திரைக்குப்பின் | திங்கள், காலை 11.40

பதற வேண்டாம். அந்த டோக்கனுக்கு இயல்பில் ஒரு மணி நேரம்தான் ஆயுள். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு புராஜெக்டையே துடைத்தெடுக்கலாம், அதுவும் உங்களுக்கு ஓனர் ரோல் இருந்தால். ஜிகிளவுட் ஆத் ரிவோக் போட்டுவிட்டு மறுபடி உள்நுழையுங்கள்.

அப்புறம் 403. அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "ஏபிஐ இந்தப் புராஜெக்டில் பயன்படுத்தப்படவில்லை அல்லது முடக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் இருந்தால் கம்ப்யூட் எஞ்சின் ஏபிஐ திறக்கப்படவில்லை, அல்லது உங்கள் டோக்கன் வேறு புராஜெக்டின் கணக்கில் போகிறது. "இன்ன பர்மிஷன் தேவை" என்று கம்ப்யூட்.ரவுட்டர்ஸ்.கெட் பெயரைச் சொன்னால் ரோல் போதவில்லை.

தினசரி ஷீட்டுக்கு உங்கள் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தவே வேண்டாம். தனியாக ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்லாமல் ஸ்கிரிப்டுக்கான கணக்கு) உருவாக்கி, மூன்று புராஜெக்டிலும் கம்ப்யூட் நெட்வொர்க் வியூவர் ரோல் மட்டும் கொடுங்கள். பார்க்கலாம், தொட முடியாது. அந்த அக்கவுண்டுக்குச் சாவிக் கோப்பு இறக்கி லேப்டாப்பில் வைக்காதீர்கள். ஸ்கிரிப்ட் கிளவுடில் ஒரு விஎம்-இல் (மெய்நிகர் கணினி) ஓடினால் அந்த விஎம்-உடன் சர்வீஸ் அக்கவுண்டை இணைத்தாலே போதும், டோக்கனை அது தானாக வாங்கிக்கொள்ளும்.

ஏபிஐ எக்ஸ்ப்ளோரரில் வேலை செய்ததே, கர்லில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்ப்ளோரர் பிரவுசரில் உள்நுழைந்த உங்கள் கணக்கில் போகிறது. டெர்மினலில் ஜிகிளவுட் வேறு கணக்கில் நிற்கலாம். ஜிகிளவுட் ஆத் லிஸ்ட் போட்டு நட்சத்திரக் குறி எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

புதுக்கம்பி | திங்கள், மதியம் 1.15

அதேதான். டெர்மினல் என் பழைய பயிற்சிக் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. டோக்கனையும் ரத்து செய்துவிட்டேன், காதில் சூடு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஸ்டேட்டஸ் வருகிறது. எங்கள் முக்கிய ரவுட்டரில் இரண்டு பியர், ஆபீசுக்குப் போகிற இரண்டு விபிஎன் டனலுக்கு ஒன்றொன்று. முதல் பியரில் ஸ்டேட் "எஸ்டாப்ளிஷ்ட்", இரண்டாவதில் "ஆக்டிவ்". இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா? மேலாளருக்கு எழுதிவிடவா?

பழையமோடம் | திங்கள், மதியம் 1.22

எழுதாதே!

பிஜிபி-யில் ஆக்டிவ் என்றால் இயங்குகிறது என்று பொருள் இல்லை. எதிர்ப்பக்கத்தோடு டிசிபி இணைப்பு போட முயன்றுகொண்டே இருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். ஐடில், கனெக்ட், ஆக்டிவ், ஓப்பன்சென்ட், ஓப்பன்கன்ஃபர்ம், எஸ்டாப்ளிஷ்ட் என்று ஆறு நிலை. கடைசி ஒன்றுதான் நல்ல சேதி, மற்ற ஐந்தும் வாசலில் நிற்கிற நிலை. இந்த ஆக்டிவ் என்ற சொல்லால் ஏமாறாத நெட்வொர்க் ஆளை நான் பார்த்ததில்லை. 2003-இல் நானே ஒரு சனிக்கிழமை முழுக்க "ஆக்டிவ்னு காட்டுதே சார், நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று போனில் வாதாடியிருக்கிறேன்.

மொட்டைமாடி | திங்கள், மதியம் 1.40

ஷீட்டில் ஸ்டேட் என்ற புலத்தைப் போடவே வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டேட்டஸ் என்று இன்னொரு புலம் இருக்கும், அதில் அப், டவுன், அன்நோன் மூன்றில் ஒன்று வரும். மேலாளருக்கு அது போதும். ஸ்டேட் உங்களுக்கு, பிழை தேடும்போது.

அதோடு நம்லேர்ன்ட்ரூட்ஸ் என்ற எண்ணையும் எடுங்கள். அப் என்று காட்டி, கற்ற ரூட் 0 என்று இருந்தால் ஆபீஸ் பக்கம் வணக்கம் சொல்லிவிட்டு வாயே திறக்கவில்லை என்று அர்த்தம். நடைமுறையில் அதுவும் டவுன் மாதிரிதான். நாம் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்கிற ரூட்டுகள் அட்வர்டைஸ்ட்ரூட்ஸ் பட்டியலில் வரும்.

இரண்டாவது பியர் செத்திருந்தும் யாரும் புகார் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதுதான் இரண்டு டனல் போடுகிற ஹெச்ஏ விபிஎன்-இன் வரமும் சாபமும். ஒரு டனல் விழுந்தால் மற்றது சுமக்கும். 99.99 சதவீத உத்தரவாதம் என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் அது இரண்டு டனலும் ஒழுங்காக அமைந்திருந்தால்தான். ஒற்றைக் காலில் எத்தனை நாளாக நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

புதுக்கம்பி | திங்கள், மாலை 5.50

கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸ் ரவுட்டர் லாகைத் திறந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து நோட்டிஃபிகேஷன் 2/2 என்று விடாமல் வந்துகொண்டிருக்கிறது. தேடிப் பார்த்தேன். 2 என்றால் ஓப்பன் செய்தியில் பிழை, அதற்குள் 2 என்றால் பியரின் ஏஎஸ் எண் தவறு. சரி என்று பழைய கெட் பதிலை மறுபடி எடுத்தேன். முதல் பியரில் பியர்ஏஎஸ்என் 65001, இரண்டாவதில் 65010. ஆபீஸ் ரவுட்டர் 65001 ஒன்றுதான்.

யார் அப்படி எழுதியது என்று ஆடிட் லாகில் பார்த்தேன், 97 நாளுக்கு முன்னால். என் பெயர்தான் இருந்தது. நிர்வாக மாற்றங்களின் லாக் 400 நாள் இருக்குமாம், அழியும்வரை காத்திருக்கவும் வழியில்லை.

பழையமோடம் | திங்கள், மாலை 6.02

பரவாயில்லை தங்கச்சி, நாமெல்லாம் இப்படித்தான் கற்றோம். ஒன்றைக் கவனி: கெட்டும் வீணில்லை. ஸ்டேட்டஸ் நோய் இருக்கிறது என்று சொன்னது, லாக் என்ன நோய் என்று சொன்னது, எழுத்துப் பிழை எங்கே என்று கெட் காட்டியது.

இன்றைக்கே திருத்திவிடு. ஆனால் எப்படித் திருத்தப் போகிறாய்?

புதுக்கம்பி | திங்கள், மாலை 6.10

பேட்ச் அழைப்பில் அந்தப் பியரை மட்டும் சரியான எண்ணோடு அனுப்பலாம் என்று இருக்கிறேன். எக்ஸ்ப்ளோரரிலேயே இருக்கிறது.

ஏழாம்சுற்று | திங்கள், மாலை 6.13

நிறுத்துங்கள் நிறுத்துங்கள். இதற்காகவே கடவுச்சொல்லைத் தேடி எடுத்து உள்ளே வந்தேன்.

பேட்ச் என்றால் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று நினைக்கிறோம். ரவுட்டரின் மேல்மட்டப் புலங்களுக்கு அது உண்மை. பியர்கள் ஒரு பட்டியல். இங்கே பேட்ச் பின்பற்றுவது ஜேசான் மெர்ஜ் பேட்ச் விதியை. அந்த விதிப்படி பட்டியலுக்குள் புகுந்து ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, நீங்கள் அனுப்பும் பட்டியல் பழைய பட்டியலை அப்படியே தூக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஒரு பியரை மட்டும் அனுப்பினால் மற்றப் பியர் காலி. உங்கள் விஷயத்தில் காலியாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஒரே டனலின் பியர்.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டால் சொல்கிறேன். மாலை ஏழு மணி, நான்கு பியர் இருந்த ரவுட்டர், ஒன்றின் முன்னுரிமையை மாற்றப் போனேன். ஐந்து நொடியில் மூன்று கிளை அலுவலகம் இருட்டு. ஐந்து நொடி ஏன் என்றால் அவ்வளவு நேரம்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்று, கெட் பதிலில் உள்ள முழுப் பியர் பட்டியலையும் எடுத்து, ஓர் எண்ணை மட்டும் திருத்தி, முழுப் பட்டியலாகத் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் ஜிகிளவுடில் அப்டேட்-பிஜிபி-பியர் கட்டளை, பியர் பெயரும் பியர்-ஏஎஸ்என் என்ற கொடியும் கொடுத்தால் போதும். பட்டியலைப் படித்துத் திருத்தித் திருப்பி எழுதுவதை அது பார்த்துக்கொள்ளும்.

புதுக்கம்பி | திங்கள், மாலை 6.14

விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. உண்மையாகவே.

மொட்டைமாடி | திங்கள், மாலை 6.30

ஏழாம்சுற்றுக்கு ஒரு காபி. இதே குடும்பத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்வர்டைஸ்மோட் டிஃபால்ட் என்றிருந்தால் எல்லாச் சப்நெட்டையும் ரவுட்டர் தானே அறிவிக்கும். கூடுதலாக ஒரே ஒரு ரேஞ்சைச் சேர்க்கலாம் என்று அதைக் கஸ்டம் ஆக்கினால், நீங்கள் எழுதியது மட்டும்தான் போகும். பழைய சப்நெட்டுகளும் போக வேண்டும் என்றால் ஆல்_சப்நெட்ஸ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஷீட்டில் இந்தப் புலத்தையும் எடுத்து வையுங்கள், ஒரு நாள் உதவும்.

எறும்புப்பாதை | திங்கள், இரவு 9.05

எல்லாவற்றையும் படித்தேன். இவ்வளவு சுற்ற வேண்டுமா? அமைப்பைக் கோடாக எழுதி வைக்கிற டெராஃபார்மில் வைத்திருந்தால் ரவுட்டர் விவரம் எல்லாம் ஸ்டேட் கோப்பிலேயே இருக்கும். ஒரு கட்டளை, முடிந்தது. இந்த ஏஎஸ் எண் பிழையும் சக ஊழியர் பார்வையில் மாட்டியிருக்கும்.

ஏழாம்சுற்று | திங்கள், இரவு 9.20

பிழை மாட்டியிருக்கும் என்பதில் சண்டையில்லை. ஆனால் டெராஃபார்மின் ஸ்டேட் கோப்பு இன்னொரு பத்திரிகை, மொட்டைமாடி சொன்ன கல்யாணப் பத்திரிகை. அதுவும் கெட் சொல்வதைத்தான் சேமித்து வைக்கிறது. டனல் விழுந்தது அதற்குத் தெரியாது. பிளான் ஓட்டினாலும் "மாற்றம் எதுவும் இல்லை" என்று சொல்லும், ஏனென்றால் அமைப்பில் மாற்றம் இல்லை.

எறும்புப்பாதை | திங்கள், இரவு 9.41

கூகுள்_கம்ப்யூட்_ரவுட்டர்_ஸ்டேட்டஸ் என்று ஒரு டேட்டா சோர்ஸ் இருக்கிறதே.

ஏழாம்சுற்று | திங்கள், இரவு 9.48

இருக்கிறது, கற்ற ரூட்டுகளைத் தரும். ஆனால் தினசரி உடல்நலச் சோதனைக்கு டெராஃபார்ம் ஓட்டுவது காய்ச்சல் பார்க்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது மாதிரி. உங்கள் விருப்பம்.

புதுக்கம்பி | செவ்வாய், காலை 9.35

ஏஎஸ் எண் திருத்தியாயிற்று. இன்று காலை இரண்டு பியரும் அப், இரண்டிலும் கற்ற ரூட் 6.

ஷீட்டில் புது வம்பு. அக்ரிகேட்டட்லிஸ்ட் பதிலை ஸ்கிரிப்டில் படித்தால் பாதியில் விழுகிறது. அப்புறம், இரண்டு ரவுட்டரின் ஐடி கடைசியில் 0000 என்று முடிகிறது, கன்சோலில் அப்படி இல்லை.

மொட்டைமாடி | செவ்வாய், காலை 9.58

விழுவது ஏனென்றால் அந்தப் பதில் ரவுட்டர்களின் பட்டியல் இல்லை. ரீஜியன் பெயர்களைச் சாவியாகக் கொண்ட அகராதி. ரவுட்டர் இல்லாத ரீஜியனுக்கும் ஓர் அறை இருக்கும், உள்ளே ரவுட்டர்ஸ் என்ற சாவிக்குப் பதில் வார்னிங் என்று ஒன்று, பக்கத்தில் முடிவு எதுவும் இல்லை என்று சொல்லும். அது பிழை அல்ல. சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு பக்கத்துக்கு இயல்பாக 500 முடிவுகள் வரை. உங்களுக்குப் பதினொன்றுதான், ஆனாலும் நெக்ஸ்ட்பேஜ்டோக்கன் இருந்தால் அடுத்த பக்கம் கேட்கிற வளையத்தை இப்போதே எழுதிவிடுங்கள்.

ஐடி பற்றி: அது 19 இலக்கம் வரை போகும் எண். ஜேசானில் மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்புவதே, எண்ணாகப் படித்தால் கெட்டுப்போகும் என்பதால்தான். எக்ஸெல் 15 இலக்கம்தான் ஒழுங்காக வைத்திருக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே உரை வடிவமாக மாற்றிவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் ஒரு குறுக்குவழி. எந்த ஜிகிளவுட் கட்டளைக்கும் பின்னால் லாக்-ஹெச்டிடிபி என்ற கொடியைப் போட்டால், அது உள்ளே எந்த ஏபிஐ முகவரியைக் கூப்பிடுகிறது என்று அப்படியே காட்டும். ஆவணத்தில் தேடுவதைவிட வேகம். காட்டுவதை இங்கே ஒட்டும் முன் மட்டும் மட்டுறுத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப்பேருந்து | செவ்வாய், காலை 11.10

இழையைத் திசைதிருப்புவதாக இருந்தால் மன்னிக்கவும். எங்களிடம் அதே கிளவுட் ரவுட்டர், ஆனால் விபிஎன் இல்லை, நாட் (வெளி முகவரி இல்லாதவற்றை ஒரு பொது ஐபி வழியாக வெளியே விடுவது) மட்டும். வெளி முகவரி இல்லாத 40 விஎம், பில் போடுகிற மென்பொருள். மாலை 6 முதல் 9 வரை பேமெண்ட் சேவைக்குப் போகிற அழைப்புகளில் சில டைம்அவுட் ஆகின்றன. காலையில் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் "எங்களிடம் அழைப்பே வரவில்லை" என்கிறார்கள். கெட்ரவுட்டர்ஸ்டேட்டஸ் போட்டேன், நாட்ஸ்டேட்டஸ் என்று வருகிறது, அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 11.15

அதே கருவி, அதே ரவுட்டர். இங்கேயே தொடரட்டும்.

மொட்டைமாடி | செவ்வாய், காலை 11.50

எதிர்ப்பக்கம் சொல்வது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கெட்நாட்மேப்பிங்இன்ஃபோ என்ற மூன்றாவது அழைப்பு இருக்கிறது. ஒவ்வொரு விஎம்-க்கும் எந்த நாட் ஐபி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போர்ட் ஒதுக்கியிருக்கிறது என்று தரும். ஒரு விஎம்-க்கு எத்தனை போர்ட் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கடைசிப்பேருந்து | செவ்வாய், மதியம் 12.20

எல்லா விஎம்-க்கும் 64.

மொட்டைமாடி | செவ்வாய், மதியம் 12.45

அதுதான். யாரும் தொடாவிட்டால் நிலையான ஒதுக்கீட்டில் இயல்பான அளவு 64. ஒரு விஎம், ஒரே சேருமிடத்தின் அதே ஐபி, அதே போர்ட்டுக்கு ஒரே நேரத்தில் 64 இணைப்புதான் வைத்திருக்க முடியும். வெவ்வேறு இடங்களுக்குப் போனால் அதே போர்ட்டை மறுபடி பயன்படுத்தலாம், அதனால்தான் மற்ற எதிலும் பிரச்சினை தெரியவில்லை. உங்கள் பில் எல்லாம் ஒரே பேமெண்ட் முகவரிக்குப் போகிறது.

இன்னும் மோசம் இருக்கிறது. இணைப்பை மூடியதும் போர்ட் உடனே திரும்பக் கிடைக்காது. டிசிபி டைம்-வெயிட் இயல்பாக 120 நொடி. ஒவ்வொரு பில்லுக்கும் புது இணைப்பு திறந்து மூடுகிற மென்பொருளாக இருந்தால், 64 போர்ட்டை 120 நொடியால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நொடிக்கு ஓர் இணைப்பு, அதற்குமேல் தாங்காது. காலையில் கடை காலி, மாலையில் வரிசை. போர்ட் கிடைக்காத பாக்கெட் நாட்டிலேயே விழுந்துவிடும், எதிர்ப்பக்கம் எங்கே பார்க்கப் போகிறார்கள்? உறுதிசெய்ய மானிட்டரிங்கில் நாட்டின் ட்ராப் ஆன பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள், காரணம் அவுட்_ஆஃப்_ரிசோர்சஸ் என்று இருக்கும்.

பழையமோடம் | செவ்வாய், மதியம் 1.05

முதலில் மென்பொருளைத் திருத்தச் சொல். இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்தினால் 64-ஏ தாராளம். அவர்கள் "அடுத்த மாதம்" என்பார்கள், அதுவரைக்கும் போர்ட்டை உயர்த்து.

கணக்கு: ஒரு நாட் ஐபி-யில் 65536-இல் முதல் 1024 போக 64512 போர்ட். 64 வீதம் கொடுத்தால் 1008 விஎம் தாங்கும். 1024 வீதம் கொடுத்தால் 63 விஎம். உனக்கு 40 தானே, ஒரே ஐபி போதும்.

பிஜிபி-யில் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ஏஎஸ் எண்களும் 64512-இல்தான் தொடங்குகின்றன. அங்கேயும் 65536-இல் கடைசி 1024-ஐ ஒதுக்கியதால் வந்த எண். சம்பந்தமில்லாத இரண்டு விஷயத்தில் ஒரே எண், எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

திரைக்குப்பின் | செவ்வாய், மதியம் 1.30

டைனமிக் போர்ட் ஒதுக்கீடும் ஒரு வழி, குறைந்தது 32-இல் தொடங்கி தேவைக்கு ஏற்ப உயரும். ஆனால் எண்ட்பாயின்ட் இண்டிபெண்டன்ட் மேப்பிங் போட்டிருந்தால் அதோடு ஒத்துப்போகாது, அந்த மேப்பிங்கை எடுத்துவிட வேண்டும்.

ஒரு கேள்வி, பேமெண்ட் சேவை உங்கள் நாட் ஐபி-யை அனுமதிப் பட்டியலில் வைத்திருக்கிறதா? அப்படியென்றால் ஐபி ஒதுக்கீடு ஆட்டோவில் இருக்கக் கூடாது. போர்ட் பற்றாக்குறை வந்தால் நாட் தானாகப் புது ஐபி சேர்க்கும், அது அவர்கள் பட்டியலில் இருக்காது, பாதி அழைப்பு மறுபடி விழும். கைமுறை ஒதுக்கீட்டில் வையுங்கள். அதில் ஐபி போதாவிட்டால் நாட்ஸ்டேட்டஸில் மின்எக்ஸ்ட்ராநாட்ஐபிஸ்நீடட் என்ற எண் 0-க்கு மேல் போகும். பின்னால் போர்ட்டைக் குறைக்க நினைத்தால் நள்ளிரவில் செய்யுங்கள், ஓடுகிற இணைப்புகள் அறுபடலாம்.

கடைசிப்பேருந்து | செவ்வாய், இரவு 9.40

1024 ஆக்கினேன். 6 முதல் 9 வரை ஒரு டைம்அவுட் கூட இல்லை. எதிர்ப்பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று வாரம் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

மேல்தளம் | புதன், காலை 8.50

எங்கள் இடத்தில் ஓப்பன்ஸ்டாக், சொந்த இயந்திரங்களில் கிளவுட் நடத்துகிற மென்பொருள். ஓப்பன்ஸ்டாக் ரவுட்டர் ஷோ போட்டால் ஸ்டேட்டஸ் ஆக்டிவ் என்று வரும், அங்கே அது நல்ல சொல்தான். ஆனால் அதுவும் அதன் நெட்வொர்க் பகுதியான நியூட்ரானின் தரவுத்தளம் சொல்வது. ரவுட்டரைச் சுமக்கிற எல்3 ஏஜெண்ட் செத்திருந்தாலும் ஆக்டிவ் என்றே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஓப்பன்ஸ்டாக் நெட்வொர்க் ஏஜெண்ட் லிஸ்ட் போட்டு ஏஜெண்ட் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்போம், கடைசியில் அந்த மெஷினுக்கே போய் க்யூரவுட்டர் என்று தொடங்கும் நேம்ஸ்பேஸுக்குள்ளிருந்து பிங் அடிப்போம்.

புதுக்கம்பி | புதன், காலை 9.25

ஷீட் இப்போது இப்படி ஓடுகிறது: அக்ரிகேட்டட்லிஸ்டில் பெயரும் ரீஜியனும் எடுத்து, ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனியாக ஸ்டேட்டஸ் கேட்கிறேன். எல்லா ரவுட்டரின் ஸ்டேட்டஸையும் ஒரே அழைப்பில் எடுக்க முடியவில்லை, ஆனால் பதினொரு அழைப்புதானே. கடைசிப்பேருந்தின் கதையைப் படித்த பிறகு நாட் இருக்கிற மூன்று ரவுட்டருக்கு மேப்பிங்கும் சேர்த்துவிட்டேன்.

அப்டைம் பத்தியும் போட்டேன். அது வாரம், நாள், மணி என்று வாக்கியமாக வருவதால் வரிசைப்படுத்த முடியவில்லை, பக்கத்தில் இருக்கும் அப்டைம்செகண்ட்ஸை எடுத்துக்கொண்டேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் பியர் நான்கு மாதத்துக்கு மேல், இரண்டாவது பியர் 38 மணி நேரம். மேலாளர் ஷீட்டைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வேறு கேள்வி கேட்டார்: "ரெண்டும் அப்னுதானே ரெண்டு வாரமா அனுப்பிட்டிருந்தே, இது ஏன் நேத்து முன்தினம் பொறந்த மாதிரி இருக்கு?"

பத்தரை மணிக்குக் கூட்டம். ஆடிட் லாகோடு போகிறேன்.